பள்ளிக்கு வழி அமைத்தவர்: பாக்கிய ரெட்டி வர்மா

நுழையும் முன்

பள்ளியின் கதவு திறந்திருப்பது ஒன்று. அக்கதவு வரை ஒரு குழந்தை வந்து சேர்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைப்பதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் ஐதராபாத் நகரில் வாழ்ந்தார். அவருடைய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

நகரும் காலமும்

செகந்திராபாத்திற்கும் உப்பலுக்கும் இடையே அமைந்துள்ளது தார்நாகா. அதன் ஒருபுறம் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும் அப்பகுதியிலேயே உள்ளன. அருகிலுள்ள லாலாகூடாவில் இரயில்வே பணிமனையைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. காலைப்பொழுதில் தார்நாகா நாற்சந்தியில் பலவகைச் சீருடையணிந்த மாணவர்கள் புத்தகப் பையுடன் விரைந்து செல்வதைக் காண்பவர்க்குக் கல்வி எல்லோருக்கும் இயல்பாகக் கிடைப்பது என்றே தோன்றும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை அவ்வாறு இல்லை. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மூசி ஆற்றின் கரையை ஒட்டிய பேட்டைகளில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகள் பள்ளியின் வாயிற்படியை மிதித்ததும் இல்லை. ஐதராபாத் அப்பொழுது நிசாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. மக்களுள் பெரும்பாலோர் தெலுங்கு பேசினர். மராத்தியும் கன்னடமும் பேசுவோரும் மிகுதியாக இருந்தனர். ஆயினும் ஆட்சிமொழியும் அரசுப் பள்ளிகளின் பாடமொழியும் உருதுவே.

எனவே அக்குழந்தைகளின் முன்னே மூன்று தடைகள் நின்றன. முதலாவது தீண்டாமை, பிற குழந்தைகளோடு ஒரே பாயில் அமர அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது வறுமை, எட்டு வயதுக் குழந்தையின் உழைப்பும் அடுப்பெரியத் தேவைப்பட்டது. மூன்றாவது மொழி, எப்படியோ பள்ளிக்குள் நுழைந்துவிட்டாலும் ஆசிரியர் சொல்வது விளங்கவில்லை. இம்மூன்று தடைகளையும் ஒருசேரக் கண்டுணர்ந்தவர் பாக்கிய ரெட்டி வர்மா.

இளமைப் பருவம்

1888 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் நாள், ஐதராபாத்தில் மாதரி வெங்கையா, ரங்கமாம்பா இணையருக்கு மகனாகப் பிறந்தார். மாலா சமூகத்தைச் சேர்ந்த எளிய குடும்பம் அது. பெற்றோர் இட்ட பெயர் பாகையா. அவர் குடும்பத்தின் குருவாக விளங்கிய பெரியவர் ஒருவர், இம்மக்களே இந்நிலத்தின் பழங்குடியினர் என்றும், ஒரு காலத்தில் ஆட்சி செய்தவர் என்றும் கருதினார். ஆள்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ரெட்டி என்னும் சொல் பிறந்தது என்பது அவர் கொள்கை. ஆதலால் பாகையாவைப் பாக்கிய ரெட்டி என்று அழைத்தார். வர்மா என்னும் பட்டம் பிற்காலத்தில், 1913 இல், அவருடைய தொண்டைப் போற்றி ஆரிய சமாசத்தாரால் வழங்கப்பட்டது.

இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிய அவர், செகந்திராபாத்தில் டோஸ் சாண்டோஸ் என்னும் வழக்கறிஞரின் இல்லத்தில் வேலைக்கு அமர்ந்தார். அவ்வழக்கறிஞர் வேலைக்கு வந்த சிறுவனின் அறிவு வேட்கையைக் கண்டு, அவன் படிப்பதற்கு ஊக்கமளித்தார். வாய்ப்புக் கிடைத்தால் தம் இனத்துக் குழந்தை எவ்வளவு உயரும் என்பதற்கு வர்மாவுக்குத் தம் வாழ்க்கையே சான்றாயிற்று. அத்தகைய வாய்ப்பு ஒருவருக்குத் தற்செயலாகக் கிடைப்பது போதாது, எல்லாக் குழந்தைகளுக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திலும் விளங்குகிறது.

கதை வழியே விழிப்பு

1906 ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், ஜகன் மித்ர மண்டலி என்னும் அமைப்பை அவர் தொடங்கினார். உலகின் நண்பர் குழு என்பது அப்பெயரின் பொருள். எழுத்தறியாத மக்களிடம் துண்டறிக்கை கொடுத்துப் பயன் இல்லை. ஆகையால் அவர்கள் விரும்பிக் கேட்கும் அரிகதை, நாட்டார் கதை ஆகியவற்றையே அம்மண்டலி தன் கருவியாகக் கொண்டது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் கதை கேட்கக் கூடினர். கதையின் ஊடே கல்வி, தூய்மை, மதுவிலக்கு ஆகியவை பற்றிய கருத்துகளும் அவர்களைச் சென்றடைந்தன. 1911 இல் இவ்வமைப்பு மான்ய சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

குழந்தையின் கல்வி பற்றிப் பெற்றோரிடம் முதலில் பேச வேண்டும் என்பதை வர்மா தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். தந்தையின் கூலி மதுவிற்குச் சென்றால் மகனின் பலகைக்கு மிஞ்சுவது யாது? பத்து வயதில் மணம் முடித்தால் மகள் எழுத்துக் கற்பது எப்பொழுது? மதுப்பழக்கத்தையும் குழந்தை மணத்தையும் அவர் எதிர்த்தமைக்குச் சமூகச் சீர்திருத்த நோக்கம் மட்டுமன்றி, குழந்தைகளின் பள்ளி வாழ்வும் ஒரு காரணமாக அமைந்தது.

முதற்பள்ளிகள்

1910 ஆம் ஆண்டில் இசாமியா பசாரிலும் லிங்கம்பள்ளியிலும் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கான கல்வி மையங்களை வர்மா தொடங்கினார். அரசின் உதவியை எதிர்பார்த்துக் காத்திராமல், நல்லுள்ளம் படைத்தோரின் கொடையையும் தொண்டர்களின் உழைப்பையும் கொண்டு அவை இயங்கின. ஐதராபாத் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய ராய் பாலமுகுந்த் போன்ற பிற சமூகத்துப் பெரியோரும் அவர் பணிக்குத் துணை நின்றனர். காலப்போக்கில் மையங்கள் ஏறத்தாழ 25 ஆகப் பெருகின. ஏறத்தாழ 2,500 மாணவர்கள் அவற்றில் பயின்றனர்.

இப்பள்ளிகளின் தனிச்சிறப்பு அவற்றின் பாடமொழி. நிசாம் அரசின் பள்ளிகளில் உருது வழியே கற்பிக்கப்பட்ட காலத்தில், வர்மாவின் பள்ளிகளில் தெலுங்கு வழியே பாடம் நடத்தப்பட்டது. இதன் அருமையை வேற்று மாநிலத்தில் வளரும் மாணவர் எளிதில் உணர்வர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பறையில் வேறொரு மொழி என வாழும் குழந்தைக்குத் தாய்மொழிச் சொல் ஒன்று காதில் விழும்போது எத்தகைய ஆறுதல் பிறக்கும்! படித்த பெற்றோரின் பிள்ளை வகுப்பில் விளங்காததை வீட்டில் கேட்டுத் தெளியலாம். எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைக்கு அவ்வழியும் இல்லை. அக்குழந்தைக்கு வகுப்பறையிலேயே விளங்கியாக வேண்டும். தெலுங்கு வழிக் கல்வி அதற்கு இடமளித்தது.

பெண் குழந்தைகளுக்கும் அவர் பள்ளிகளை ஏற்படுத்தினார். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் ஜோகினி வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. அவ்வாறு விடப்பட்ட சிறுமிக்கு மணவாழ்வும் இல்லை, கல்வியும் இல்லை. அவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று வர்மா இடையறாது பாடுபட்டார்.

பெயரில் இருக்கும் தடை

நாற்பகுப்பில் அடங்காத ஐந்தாமவர் என்னும் பொருளில் தாழ்த்தப்பட்ட மக்களைப் பஞ்சமர் என்று அழைப்பது அன்றைய வழக்கம். அரசு ஆவணங்களும் அவ்வாறே எழுதின. அவர்களுக்கென நடத்தப்பட்ட பள்ளிகளும் பஞ்சமர் பள்ளி எனப்பட்டன. இழிவைக் களைவதற்காகத் தொடங்கிய பள்ளியின் பெயர்ப்பலகையே அவ்விழிவை எழுதிக் காட்டியது.

1917 ஆம் ஆண்டு நவம்பரில் பெசவாடாவில், அதாவது இன்றைய விசயவாடாவில், ஆந்திரப் பகுதியின் முதல் பஞ்சமர் மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்க வர்மா அழைக்கப்பட்டார். தலைமை ஏற்ற அவர், மாநாட்டின் பெயரையே முதலில் கேள்விக்கு உள்ளாக்கினார். பழைய நூல்களில் நான்கு பகுப்புகள் பேசப்படுகின்றனவே அன்றி ஐந்தாவது என ஒன்று இல்லை என்றும், இம்மக்கள் இந்நிலத்தின் முதற்குடியினர் என்றும் எடுத்துரைத்தார். அவர் கருத்தை ஏற்று அம்மாநாடு ஆதி ஆந்திர மகாசன சபை எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தமிழகத்திலும் இதே காலத்தில் இத்தகைய முயற்சி நடைபெற்றது. எம்.சி. ராஜா முதலிய தலைவர்களின் தொடர்ந்த வேண்டுகோளின் பயனாக, 1922 இல் சென்னை மாகாண அரசு பழைய இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்களை ஏற்றது. அதே ஆண்டில் வர்மாவின் அமைப்பு ஆதி இந்து சமூக சேவைக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. 1931 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐதராபாத் அரசின் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆதி இந்து என்றே பதிவு செய்யப்பட்டனர்.

பெயர் மாற்றத்தால் பசி தீராது என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் பள்ளியில் ஒரு குழந்தை நாள்தோறும் கேட்பது தன் பெயரையே. அப்பெயர் தலைகுனியச் செய்வதாக இருந்தால், அக்குழந்தை பள்ளியைத் தன்னுடையதாகக் கருதாது. வர்மா பெயருக்காகப் போராடியதன் பயன் இங்கே விளங்குகிறது.

எழுதுகோலும் மேடையும்

1931 இல் பாக்கியநகர் பத்திரிகை என்னும் தெலுங்கு இதழை வர்மா தொடங்கினார். மாதம் இருமுறை வெளிவந்த அவ்விதழ், 1937 இல் ஆதி இந்து எனப் பெயர் பெற்றது. பள்ளியில் எழுத்தறிந்த இளைஞர்க்குப் பள்ளியை விட்டபின் படிப்பதற்கு ஏதேனும் வேண்டும் அல்லவா? அத்தேவையை இதழ் ஒருவாறு நிறைவு செய்தது. கூலியின்றி மக்களை வேலை வாங்கும் வெட்டி என்னும் கொடிய முறையைப் பற்றிய கதை ஒன்றையும் அவர் எழுதினார். பயனற்ற உழைப்பைத் தமிழர் இன்றும் வெட்டிவேலை என்று சொல்வதுண்டு. கிராமங்களில் அன்று அம்முறைக்கு உட்பட்ட குடும்பத்தினர், அதிகாரி ஏவும் வேலையைக் கூலி இல்லாமல் செய்தனர். தந்தையின் உழைப்புக்குக் கூலி கிடையாதபோது பிள்ளை பள்ளிக்குச் செல்வது எங்ஙனம்?

1930 இல் இலக்னோவில் நடைபெற்ற தாழ்த்தப்பட்டோரின் அனைத்திந்திய மாநாட்டிற்கும் அவர் தலைமை வகித்தார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இம்மக்களின் சார்பில் பேச அண்ணல் அம்பேத்கரே தக்கவர் என அங்கு ஆதரவு தெரிவிக்கப்பட்டது. அவ்வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவர் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசன் என்பது தமிழ் மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

வர்மாவின் வழியோடு எல்லோரும் உடன்பட்டார் என்று கூற இயலாது. அரிகே ராமசாமி, பி.எஸ். வெங்கட்ராவ் போன்ற இளைய தலைவர்கள் தனி அமைப்புகளை நடத்தினர். தாழ்த்தப்பட்டோருக்குள்ளேயே இருந்த உட்பிரிவுகளின் வேற்றுமையும் ஒற்றுமைக்குத் தடையாயிற்று. ஆயினும் குழந்தைகள் கற்க வேண்டும் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

1930களில் அவர் தொடங்கிய பள்ளிகளை நிசாம் அரசு ஏற்று நடத்த முன்வந்தது. தனிமனிதர் ஒருவரின் தொண்டாகத் தொடங்கிய பணி அரசின் கடமையாக மாறியது. கொடையை நம்பி நடக்கும் பள்ளி, கொடையாளர் கைவிட்டால் மூடப்படும். அரசின் கடமையாகிவிட்ட கல்வியை உரிமையோடு கேட்டுப் பெறலாம். இவ்வகையில் அம்மாற்றம் வர்மாவின் உழைப்புக்குக் கிடைத்த பெருவெற்றியே ஆகும்.

நிறைவும் நினைவும்

காசநோயால் நலிவுற்ற பாக்கிய ரெட்டி வர்மா, 1939 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள், தம் 50 ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவருடைய இயக்கத்தின் இல்லமான ஆதி இந்து பவன் சாதர்காட்டில் அவர் பெயரை இன்றும் நினைவூட்டுகிறது.

அவர் மறைந்த அதே ஆண்டு டிசம்பரில், தார்நாகாவை அடுத்த உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் கலைக்கல்லூரிக் கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. கருங்கல்லால் எழும்பிய அம்மாளிகையைக் காண இன்றும் பலர் வருகின்றனர். 1918 இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற்கு மாற்றாக இந்திய மொழியாகிய உருது உயர்கல்வியின் பாடமொழி ஆயிற்று. அது அக்காலத்தில் பெரிய புதுமை. ஆயினும் அதன் படிக்கட்டுகளில் ஏறுவதற்கு முதலில் ஒரு குழந்தை தொடக்கப்பள்ளியின் படியில் ஏறியிருத்தல் வேண்டும். பேட்டைகளின் சிறிய பள்ளிகளில், பலகையும் பல்பமுமாக வர்மா கட்டியது அம்முதற்படியை.

அப்பணியில் அவர் தனித்து நிற்கவில்லை. புனேயில் 1848 இல் சோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே இணையர் பள்ளி தொடங்கினர். சென்னையில் 1894 இல் கர்னல் ஆல்காட் இலவசப் பள்ளியை நிறுவினார். சிதம்பரத்தில் 1916 இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விக்கழகம் கண்டார். இவர்கள் அனைவரும் ஒரே சாலையின் வெவ்வேறு பகுதிகளை அமைத்தவர்கள்.

ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வர்மா தம் முதற்பள்ளிகளைத் தொடங்கிச் சரியாக நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. எனினும் பெருநகரங்களில் உயர்ந்தெழும் கட்டடங்களின் அடியில், பெற்றோர் செங்கல் சுமக்க, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு மணல்மேட்டில் அமர்ந்திருக்கும் சிறுமியரை இன்றும் காணலாம். வேற்று மாநிலத்திலிருந்து வந்த அக்குழந்தைக்கு ஊர் மொழியும் தெரியாது. வேலை முடிந்தால் குடும்பம் அடுத்த ஊருக்குப் பெயர்ந்துவிடும். வறுமையும் மொழியும் அக்குழந்தையின் முன் நிற்கும் தடைகள். வர்மா கண்ட அதே தடைகள் அவை. அக்குழந்தையைக் கண்டு, பெயர் கேட்டு, அவள் மொழியில் ஒரு சொல் பேசிப் பள்ளிக்கு அழைத்து வருவோர் எவராயினும், அவர் பாக்கிய ரெட்டி வர்மாவின் பணியைத் தொடர்பவரே ஆவர்.

சொற்பொருள்

இணையர் – கணவன் மனைவியர்
வேட்கை – பெருவிருப்பம்
அரிகதை – இசையோடு கதை கூறும் கலை
இழிவு – தாழ்வு, அவமதிப்பு
இடையறாது – இடைவிடாமல்
நலிவுற்ற – மெலிவடைந்த
பல்பம் – பலகையில் எழுதும் குச்சி
பேட்டை – நகரின் ஒரு பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பாக்கிய ரெட்டி வர்மா எங்கு, எப்பொழுது பிறந்தார்?
2. ஜகன் மித்ர மண்டலி மக்களைச் சென்றடையக் கையாண்ட வழி யாது?
3. வர்மாவின் பள்ளிகளில் எம்மொழி வழியே பாடம் நடத்தப்பட்டது?
4. 1917 ஆம் ஆண்டு மாநாட்டின் பெயர் எவ்வாறு மாற்றப்பட்டது?

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.

1. தாழ்த்தப்பட்ட குழந்தைகளின் கல்விக்குத் தடையாக நின்ற மூன்றினை விளக்குக.
2. மதுப்பழக்கத்தையும் குழந்தை மணத்தையும் எதிர்ப்பது கல்விப் பணியுடன் எவ்வாறு தொடர்புடையது?
3. தொண்டாக நடக்கும் கல்விக்கும் அரசின் கடமையாகிய கல்விக்கும் உள்ள வேறுபாடு யாது?

இ. பிரித்து எழுதுக.

கல்விச்சாலை, வாயிற்படி, முதற்பள்ளி, பெயர்ப்பலகை, பெருவெற்றி

ஈ. சிந்தித்து எழுதுக.

வீட்டில் தமிழும் வகுப்பறையில் வேறு மொழியும் பேசும் நீங்கள், புரியாத மொழியில் பாடம் கேட்ட முதல் நாள் எவ்வாறு உணர்ந்தீர்கள்? உங்கள் வகுப்பில் அத்தகைய புதிய மாணவர் ஒருவர் சேர்ந்தால் அவருக்கு எவ்வகையில் உதவுவீர்கள்? பத்துத் தொடர்களில் எழுதுக.

உ. செயல்பாடு

உங்கள் தாத்தா, பாட்டி அல்லது அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், அவர் படித்த பள்ளி, பயின்ற மொழி, படிப்பைத் தொடர்ந்த அல்லது நிறுத்திய காரணம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவர் இசைவு பெற்று ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.